முதலில் சாலை, பிறகு டிராக்

அக்காவின் மகன் வேலையில் சேர்ந்ததிலிருந்து சேர்த்த பணத்தில் சென்ற மாதம் 310 சிசி பைக் ஒன்று வாங்கினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூ போட்டு, வண்டியை வாசலில் நிறுத்திய அன்று மாலையே என்னிடம் கேட்டான்: “மாமா, ரேஸ் டிராக்குல ரெண்டு நாள் டிரெயினிங் போயிட்டு வந்தா போதும்ல? அதுக்கப்புறம் எந்த ரோட்டுலயும் ஓட்டலாம்ல?” சில ஆண்டுகளுக்கு முன் எனக்குள் இருந்த அதே கேள்விதான் அது. அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் தவறு என்பது கொல்லிமலையில் தெரிந்தது. ஆகவே அவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பாவோ, அண்ணனோ, பக்கத்து வீட்டு நண்பரோதான். உரிமம் வாங்கும் நாளில் ஆய்வாளர் முன்னிலையில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுகிறோம். அதோடு நம்முடைய கல்வி முடிந்துவிடுகிறது. எட்டு போடுவது வண்டியைச் சமநிலையில் வைத்திருக்கும் திறனைத்தான் காட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது குறுக்கே ஒரு வண்டி திரும்பினால் என்ன செய்வது என்பதை அது சொல்லித்தராது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இந்த எண்களைத் தெரிந்துகொண்டபோதுதான், எட்டு போட்டதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்பது உறைத்தது. அப்போது நான் பைக் ஓட்டத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் முதலில் போனது டிராக்குக்குத்தான். சென்னைக்காரர்களுக்கு அது எட்டாத இடமில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், இருங்காட்டுக்கோட்டையில், 1990 முதல் இயங்கிவருகிறது சென்னையின் பந்தயத் தடம், 3.717 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். அதற்கு முந்தைய தலைமுறை சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்தது; என் அப்பா இன்றும் அந்தப் புழுதியைப் பற்றிப் பேசுவார். கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் காரி தடம் இருக்கிறது. மோட்டார் பந்தயத்துக்கு இத்தனை வசதியுள்ள மாநிலத்தில் பிறந்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த இரண்டு நாள்கள் என் கைகளுக்குக் கற்றுக்கொடுத்தவற்றை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதலாவதாக, முன் பிரேக். “முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடித்துவிடும்” என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால்தான் அந்த ஆபத்து. லிவரை முதலில் மெதுவாகத் தொட்டு, வண்டியின் எடை முன்பக்கம் இறங்கி முன் டயர் தரையில் நன்றாக அழுந்திய பிறகு, எலுமிச்சம்பழம் பிழிவதைப் போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை அந்த ஒரு டிஸ்க்தான் செய்கிறது. 40, 60, 80 என்று வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒரே இடத்தில் இருபது தடவை நிறுத்திப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாக நான் பின் பிரேக்கை மிதித்து, டயரைத் தேய்த்து, அதிக தூரம் போய்த்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது.

இரண்டாவது, பார்வை. பைக் நாம் பார்க்கும் இடத்துக்குத்தான் போகும். குழியையே பார்த்துக்கொண்டு போகிறவர் குழியில் இறங்குவார். வளைவின் வெளிப்புறத் தடுப்பை அஞ்சி அதையே வெறித்துப் பார்க்கிறவர் அதன் மேல்தான் மோதுவார். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வருகிற முதல் வளைவில் என் கண்கள் முன் சக்கரத்துக்குச் சற்று முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பயிற்சியாளர் பின்னாலிருந்தே கண்டுபிடித்தார். தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பார்க்கச் சொன்னார். அடுத்த சுற்றில் அதே வேகத்தில் அந்த வளைவு அகலமாகிவிட்டதைப் போலத் தெரிந்தது. மூன்றாவது, கைப்பிடி. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னோக்கி அழுத்த வேண்டும் என்பதை எல்லா ஓட்டுநரும் உடம்பால் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்; ஆனால் தெரிந்து, வேண்டுமென்றே, தேவையான அளவுக்குச் செய்யக் கற்பது வேறு. தொடைகளால் டேங்கைப் பற்றிக்கொண்டு கைகளைத் தளர்வாக வைத்தால்தான் அது முடியும்.

டிராக்கில் வண்டியை இறக்குவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது முகப்பு விளக்கின் மேலும் இரண்டு கண்ணாடிகளின் மேலும் டேப் ஒட்டச் சொன்னார்கள். விளக்குக்கு ஒட்டுவது, விழுந்தால் கண்ணாடிச் சில்லுகள் தடத்தில் சிதறாமல் இருக்க. பக்கக் கண்ணாடிகளுக்கு ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பின்னால் வருகிறவரைப் பற்றி நாம் கவலைப்படக் கூடாது, முந்துகிறவர்தான் பாதுகாப்பாக முந்த வேண்டும் என்பது அங்கே விதி. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்குச் சாலை இல்லை. ஆட்டுக்குட்டி இல்லை. விழுந்தால் சறுக்கிப்போக வெளியே இடம் இருக்கிறது; மஞ்சள் கொடி காட்ட ஆள் இருக்கிறார்; ஆம்புலன்ஸ் என்ஜினை அணைக்காமல் நிற்கிறது. இருபதாவது சுற்றிலும் வளைவு அதே இடத்தில் அதே அளவில்தான் இருக்கும். கைக்கும் காலுக்கும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த டேப்பை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. அதைப் பற்றி யோசிக்க மூன்று மாதங்கள் ஆயின.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது பைக் ஓட்டும் தமிழர் எல்லோருக்கும் மனப்பாடம். காரவள்ளியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினேன். டிராக்கில் கற்றதெல்லாம் கையில் புதிதாக இருந்தது. கொண்டை ஊசிகளில் நிதானமாகத்தான் போனேன். பிழை நடந்தது இரண்டு கொண்டை ஊசிகளுக்கு இடையில், சாதாரணமான ஒரு வலது வளைவில். வெளியே தொடங்கி, உள்ளே தொட்டு, மீண்டும் வெளியே வருவது என்ற பந்தயக் கோட்டைச் சாலையின் என் பாதிக்குள் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். இடது ஓரத்திலிருந்து இறங்கி, நடுக்கோட்டை ஒட்டி, வண்டியைச் சாய்த்தேன். என் இரண்டு டயர்களும் என் பாதியில்தான் இருந்தன. நான் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஓட்டுநர்களே இதைக் கவனிக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி முப்பது டிகிரி சாய்ந்தால், டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தத் தலை முக்கால் மீட்டர் உட்புறமாகத் தள்ளிப்போகிறது. டிராக்கில் பழக்கியதைப் போல இடுப்பை இருக்கையிலிருந்து உள்பக்கம் நகர்த்தித் தோளையும் இறக்கினால் இன்னும் கூடும். வலது வளைவில் டயர் நடுக்கோட்டின் மேல் இருந்தால், தலையும் தோளும் எதிரே வருகிறவரின் பாதியில் இருக்கின்றன. டிராக்கில் அந்த இடத்தில் புல்தான் இருக்கும். கொல்லிமலையில் அந்த இடத்தில் கீழே இறங்கும் பேருந்து வந்தது. அதன் ஓட்டுநர் தன் பாதியில் ஒழுங்காகத்தான் வந்தார். பேருந்தின் வலப்பக்கக் கண்ணாடி நடுக்கோட்டை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. என் தலைக்கவசத்துக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். அந்த நொடியில் என்னைக் காப்பாற்றியதும் டிராக்தான். பேருந்தைப் பார்க்காமல் அதன் பக்கத்து இடைவெளியைப் பார்த்தேன். பிரேக்கை இறுக்காமல் இடது கைப்பிடியை அழுத்தி வண்டியை நிமிர்த்தினேன். இடது ஓரத்துக் கைப்பிடிச் சுவருக்கு ஓர் அடி முன்னால் மறுபடி வலப்பக்கம் சாய்த்துத் திருப்பினேன். மூன்று மாதங்களுக்கு முந்தைய நானாக இருந்திருந்தால் பேருந்தையே பார்த்துக்கொண்டு பின் பிரேக்கை மிதித்திருப்பேன். ஆனால் மூன்று மாதங்களுக்கு முந்தைய நான் அந்த வேகத்தில் அந்தக் கோட்டில் போயிருக்கவும் மாட்டேன். மேலே போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது கிளாஸைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. கற்றது குறை என்று நினைக்கவில்லை. கற்றதில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பாதியைத் தேடிப் போனபோது கிடைத்தவர், ஐம்பதைத் தாண்டிய ஒரு பயிற்றுநர். பிரிட்டனில் காவல்துறை ஓட்டுநர்களுக்கென்று 1930-களில் லண்டனின் ஹெண்டனில் தொடங்கிய பயிற்சியின் வழிவந்த முறையை அவர் நம் சாலைகளுக்கு ஏற்ப மாற்றிக் கற்றுக்கொடுக்கிறார். தகவல், இடம், வேகம், கியர், முறுக்கு: எந்த இடரை அணுகினாலும் இந்த வரிசைதான். முதலில் பார்த்து அறிவது, பிறகு சாலையில் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது, அதன் பிறகு வேகத்தைக் குறைப்பது, கியரைப் பொருத்துவது, கடைசியில்தான் ஆக்சிலரேட்டரை முறுக்குவது. கேட்பதற்கு மிக எளிதாக இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், காலை ஐந்தரை மணிக்கு, தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கியோடு, அவர் பின்னால் வர நான் முன்னால் ஓட்டியபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார். “முன்னால் இடப்பக்கம் மாடு, கயிறு இல்லை. பேருந்து நிறுத்தம், பேருந்து நிற்கிறது, முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம். வலப்பக்கம் மண் சாலை, சேரும் இடத்தில் மண் தார்ச்சாலைக்கு வந்திருக்கிறது, டிராக்டர் போயிருக்கிறது.” பத்து நிமிடத்தில் தொண்டை வறண்டது. சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். புளிய மரத்தின் நிழல் விழும் இடத்தில் குழி தெரியாது. வெள்ளை அடிக்காத வேகத்தடையை முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் குதிப்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல், டயருக்கு அடியில் பேரிங் குண்டுகளைப் போல உருளும். நின்றுகொண்டிருக்கும் காரின் முன் சக்கரத்தைப் பார்த்தால், ஓட்டுநர் சிக்னல் போடுவதற்கு முன்பே அது திரும்பப் போகிறதா என்று தெரிந்துவிடும். இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனால் ஓட்டும்போது இவற்றை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வளைவுக்கு அவர் சொன்னது ஒரே ஒரு சோதனை. வளைவை நெருங்கும்போது சாலையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதைப் போலத் தெரியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்தப் புள்ளி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, நம் வேகம் அதிகம். அது நம்மோடு சேர்ந்து அதே தொலைவில் நகர்ந்தால் வேகம் சரி. அது விலகி ஓடினால் வளைவு பிரிகிறது, இனி முறுக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், நம் பாதியிலேயே, வண்டியை நிறுத்த முடிகிற வேகம்தான் எல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 கிலோமீட்டர் வேகத்தில், பார்த்து உணர்வதற்கு ஒரு நொடி என்றால் அதிலேயே 17 மீட்டர் போய்விடுகிறது, நல்ல தாரில், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு 20 மீட்டர். 80 கிலோமீட்டரில் அதுவே 22-ம் 35-ம் சேர்ந்து 57 மீட்டர். கொல்லிமலையின் அந்த வலது வளைவில் எனக்குத் தெரிந்த தூரம் முப்பது மீட்டர்கூட இருந்திருக்காது.

சாலையில் எங்கே இருப்பது என்பதிலும் அவர் பந்தயக் கோட்டை முற்றிலும் மாற்றிவிட்டார். இடது வளைவுக்கு நடுக்கோட்டுப் பக்கமாக அணுகினால் அதிக தூரம் தெரியும். ஆனால் எதிரே வண்டி தெரிந்தவுடன் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். வலது வளைவில் இடது ஓரமாக அணுகி, வளைவின் மறுமுனை கண்ணுக்குத் தெரியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உள்ளே தொடும் ஆசையே வரக் கூடாது. கொண்டை ஊசிகளில் பேருந்துக்குச் சாலை முழுவதும் தேவைப்படும் என்பதால், மேலேயோ கீழேயோ இருக்கும் வளைவில் அது வருவதைப் பார்த்துவிட்டால் நமக்கு முந்தைய அகலமான இடத்திலேயே நின்றுவிடுவது. மலையில் ஏறுகிறவருக்கே வழி என்பது சட்டம்தான். அதை நம்பி வளைவுக்குள் நுழைய வேண்டாம் என்றார். “டிராக்குல வளைவு உங்களுக்குத் தெரியும், தம்பி. இங்க தெரியாது. தெரியுற வரைக்கும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே ஓட்டுங்க” என்று திருக்கழுக்குன்றத்தில் இட்லி சாப்பிடும்போது சொன்னார்.

இவ்வளவு சொன்ன பிறகு, டிராக் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சாலைப் பயிற்சியால் தரவே முடியாத சில உண்டு. 80 கிலோமீட்டரிலிருந்து முழு வலுவோடு நிறுத்துவதை எந்தப் பொதுச் சாலையிலும் இருபது தடவை பழக முடியாது. பின்னால் லாரி வருகிறது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளிலும் 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது வேலை செய்யும்போது லிவர் விரல்களுக்குள் துடிப்பதை ஒருமுறையேனும் உணராதவர், அவசர நேரத்தில் அந்தத் துடிப்புக்குப் பயந்து பிரேக்கை விட்டுவிடுவார். அதைப்போலவே, வளைவுக்குள் சற்று அதிக வேகத்தில் நுழைந்துவிட்டவர் பல நேரம் விழுவது டயர் பிடி விட்டதால் அல்ல. இதற்கு மேல் சாய்த்தால் விழுந்துவிடுவோம் என்று பயந்து நிமிர்ந்து, சாலையை விட்டு வெளியே போவதால்தான். டயரில் இன்னும் எவ்வளவு பிடி பாக்கி இருக்கிறது என்பதை உடம்புக்குத் தெரிவிக்க டிராக்கைத் தவிர வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் எதை முதலில் செய்வது என்பதில்தான் என் கருத்து உறுதியாக இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தொள்ளாயிரம் பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, எதிர் ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடுமதிப்பு 48 கிலோமீட்டர்தான். தவிர்ப்பதற்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வெளிநாட்டு நகரம் அது என்றாலும், சென்னையின் ஜி.எஸ்.டி சாலையில் மீடியன் திறப்பில் திரும்பும் கார்களையும் எதிர்த்திசையில் ஓரமாக வரும் ஸ்கூட்டர்களையும் தினமும் பார்க்கிற எனக்கு, அது பக்கத்துத் தெருவைப் பற்றி எழுதியதைப் போலவே இருக்கிறது. 48 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு நொடிக்குள், பந்தயக்காரரைப் போல வண்டியைச் சாய்த்து முழங்காலைத் தரையில் உரசத் தெரிந்திருப்பது எதற்கும் உதவாது. அந்தக் கார் திரும்பக்கூடும் என்று ஐந்து நொடிக்கு முன்பே பார்த்திருப்பதும், பார்த்தவுடன் முன் பிரேக்கில் இரண்டு விரல்களை வைத்திருப்பதும் உதவும்.

டிராக்குக்குப் போய்வந்தால் வேக ஆசை அங்கேயே தீர்ந்துவிடும், சாலையில் அமைதியாக ஓட்டுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சிலருக்கு அது உண்மை. ஆனால் ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் பார்க்கும் இளைஞர்களில் பலருக்கு அது நேர்மாறாக நடந்திருக்கிறது; எனக்கும் அப்படித்தான் நடந்தது. கையின் திறமை இரண்டு நாளில் வளர்ந்துவிடுகிறது, கண்ணின் பழக்கம் மாதக்கணக்கில்தான் வருகிறது. இடையில் இருக்கும் அந்த மாதங்கள்தான் ஆபத்தானவை. கண் முதலில் பழகிவிட்டால், பிறகு வரும் கைத்திறன் எத்தனை இருந்தாலும் அது கையிருப்பாகவே இருக்கும்.

ஆகவே மருமகனுக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இதுதான். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் 30, 40 கிலோமீட்டரில் முன் பிரேக் பழகுவது, தினமும் பதினைந்து நிமிடம். அதன் பிறகு என் பயிற்றுநரிடம் மூன்று காலைகள். பிறகு மழைக்காலம் முழுவதும் ஈரச் சாலையில் நிதானமாக ஓட்டிக் கற்றதைப் பழக்கமாக்குவது. அதற்கும் பிறகு, ஜனவரியில், வெயில் ஏறாத நாளாகப் பார்த்து இருங்காட்டுக்கோட்டை. அந்தக் கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் பாடம் வரும் ஞாயிறு, செங்கல்பட்டில், காலை ஐந்தரை மணிக்கு. வண்டி வாங்கிய வாரமே அதன் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, கைப்பிடி முனையில் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத வட்டக் கண்ணாடிகளை மாட்டியிருந்தான். பழையவை அட்டைப்பெட்டியோடு பரணில் இருப்பதாக அக்கா சொன்னாள். சனிக்கிழமை மாலை நானே போய் அவற்றை எடுத்து மாட்டிக்கொடுத்துவிட்டு வர வேண்டும்.